விழாத வலிப்பு

திரையில் இருந்த பெண் கீழே விழவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க ஒயர்கள். சட்டென்று கை நின்றது. உதடு லேசாக அசைந்தது. விரல்கள் சேலை நுனியைத் தடவின.

அவ்வளவுதான்.

பிறகு ஒன்றுமே நடக்காதது போல மிச்சப் பழத்தை உரிக்கத் தொடங்கினாள். படத்துக்குக் கீழே ஓடிய மூளையலைக் கோடுகள் மட்டும் கொந்தளித்து அடங்கியிருந்தன.

"இதுவும் வலிப்புதான்" என்றார் டாக்டர் ரெஜினா.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கான பயிற்சி. பெரியவர்களுக்கு வரும் வலிப்பைப் பற்றி. நரம்பியல் நிபுணரான ரெஜினா இதற்காகவே மதுரையிலிருந்து வந்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பாதிப் பேர் கண் சொருகி இருந்தார்கள்.

மூன்றாவது வரிசையில் இருந்த பெண் டாக்டர் ஒருத்தி பேனாவை மூடி வைத்தாள்.

"விழுந்ததை, நுரை தள்ளினதை எல்லாம் கூட வந்தவங்க சொல்லிடுவாங்க. விழறதுக்கு முன்னாடி என்ன ஆச்சுன்னு நோயாளிகிட்ட நாம கேக்குறதே இல்ல. இவங்க சொன்னதைக் கேளுங்க" என்றார் ரெஜினா.

ஒலியைக் கூட்டினார். பழம் உரித்த பெண்ணின் குரல்.

"அடிவயித்துலேருந்து என்னமோ மேல ஏறி வரும். அப்புறம் கண்ணு முன்னாடி இருக்குறது எல்லாம் இப்பத்தான் செஞ்சு வச்ச மாதிரி இருக்கும். சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம். கொஞ்ச நேரத்துல போயிடும்."

மூன்றாவது வரிசையில் இருந்தவளுக்கு உடம்பு சில்லிட்டது.

அது அவளுடையது.

பதினேழு வயதில், விடுதிக் குழாயடியில் வாளி நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது முதன்முதலாக வந்தது. அப்புறம் அவ்வப்போது. எங்கே, எப்போது என்று சொல்ல முடியாது. வந்தால் உலகம் கழுவி வைத்தது போல இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை. கணவன் கதிரேசனிடம்கூட. சொன்னால் குறைந்துவிடும் என்று ஒரு நினைப்பு. கோயில் குளம் என்று போகிறவள் இல்லை. ஆனாலும் அதை அருள் என்றுதான் தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

வேலைக்கான கலந்தாய்வில் ஊர்ப் பெயர்கள் திரையில் ஓடிய அன்றும் அது வந்தது. அந்தக் கணத்தில் கண்ணில் பட்ட ஊரையே கேட்டு வாங்கினாள். பஸ்கூட ஒழுங்காகப் போகாத ஊர். கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். ஆறு வருடமாக அங்கேதான் பிரசவம் பார்க்கிறாள்.

அப்படியென்றால் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது யார்?

ரெஜினா கோடுகளை மறுபடி ஓட்டிக் காட்டினார். கூரான சிறு முனைகள், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு.

தன் வாழ்வில் நடந்தவற்றிலேயே பெரியதை அவள் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. இப்போது அது திரையில், எல்லோர் முன்னாலும், இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது.

பயந்திருக்க வேண்டும்.

கைகூப்பத்தான் தோன்றியது.

தேநீர் இடைவேளையில் ஹால் காலியானது. ரெஜினா லேப்டாப் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் மேடையருகே போனாள்.

"மேடம், அந்த அம்மாவுக்கு மாத்திரை ஆரம்பிச்சப்புறம் அது வருதா?"

"வலிப்பா? இல்ல, இப்ப நல்லா இருக்காங்க."

"அது இல்ல மேடம். அந்தச் சந்தோஷம்."

ரெஜினாவின் கை நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு எத்தனை வருஷமா வருதும்மா?"

சொன்னாள். முதன்முறையாக, இன்னொருவர் காதுபட.

"வண்டி ஓட்டுறீங்களா?"

"ஸ்கூட்டர்."

"இன்னையிலேருந்து வேண்டாம். இவ்வளவு நாள் ஒரு மூலையிலயே நின்னுருக்கு. என்னைக்காவது மூளை முழுக்கப் பரவலாம். அன்னைக்கு நீங்க ரோட்டுல இருக்கலாம். பிரசவ அறையில இருக்கலாம். குழந்தை பாதி வெளிய வந்திருக்கலாம்."

அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

ஸ்கேனில் காதுக்கு உட்பக்கமாக ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. மிளகு அளவு. கதிரேசன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இத்தனூண்டா?"

அவளுக்கும் அதே கேள்விதான். இத்தனை சின்ன இடத்தில் அத்தனை பெரிய ஒன்று எப்படிக் குடியிருந்தது? மருத்துவம் படித்தவள்தான். விளங்கவில்லை.

முதல் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கதிரேசன் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றான். அவசரப்படுத்தவில்லை.

விழுங்கினாள்.

அதன்பிறகு அது வரவில்லை. வாளிகள் வெறுமனே நிறைந்தன.

சில மாதம் கழித்து, ஒரு காலை நேரத்தில், புறநோயாளிகள் வரிசையில் முத்துராக்கு வந்தாள். செங்கல் சூளையில் வேலை பார்ப்பவள். பல வருடமாக வலிப்புக்கு மருந்து வாங்குகிறவள். எப்போதும்போல அவள் புருஷனே பேசினான்.

"அடுப்படியில விழுந்துட்டா டாக்டரம்மா. கை வெந்துபோச்சு. மாத்திரைய ஒழுங்கா முழுங்க மாட்டேங்குறா. நானும் சொல்லிப் பாத்துட்டேன், கெஞ்சிப் பாத்துட்டேன். எதுக்குன்னே தெரியல."

வெந்த கைக்குக் கட்டுப் போட்டாள். பிறகு அவனைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள்.

அவன் போனான்.

"முத்துராக்கு, விழுறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்னம்மா வரும்?"

முத்துராக்கு விழித்தாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள் மட்டும் சிரித்தன.

"சொன்னா நம்புவீகளா?"

டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.