பதினாலாம் தேதி, நாலு ஆம்பியர்

"படிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்து போட்டுடும்மா" என்று தாளை நகர்த்தினார் மேனேஜர் ஆதிநாராயணன்.

கிரேஸ் படித்தாள். 'சீலிங் மெஷினின் ஹீட்டர் எரிந்துபோனதற்கு என்னுடைய கவனக்குறைவே காரணம்.'

ஒரே வரிதான். அந்த ஒரு வரியில் ஒன்பது வருஷம் போய்விடும். காக்களூர் எஸ்டேட்டில் இந்தக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகவே ஒன்பது வருஷம் கவர் ஒட்டியவள். பர்மனென்ட் பட்டியலில் அவள் பெயர் ஏறியதே இந்த மாதம்தான்.

"நான் ஒண்ணும் பண்ணல சார். மூணு வாரமா சூடு ஏறிக்கினே கீது, கவர்ல ஓட்ட வுழுது, கருகுன வாசன வருதுன்னு சொல்லிக்கினேதான் இருந்தேன்."

"யார்கிட்ட சொன்ன?"

கிரேஸ், பக்கத்தில் நின்ற மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் தணிகைவேலைப் பார்த்தாள்.

தணிகைவேல் அசரவில்லை. இருபது வருஷ சர்வீஸ். வாய்ப்பேச்சு அவருக்கு ஆகாது, எண்கள்தான் பிடிக்கும். 'ஆள் பொய் சொல்லுவான், ஆம்பியர் பொய் சொல்லாது' என்பது புதிதாக வருகிறவர்களுக்கு அவர் முதல் நாள் நடத்தும் பாடம். கக்கத்தில் இடுக்கியிருந்த லாக் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டார்கெட்ட சீக்கிரம் முடிக்கணும்னு சூட்டு டயலக் கடைசி வரைக்கும் திருகி வெச்சிருக்காங்க சார். ஹீட்டர் காயில் போயிடுச்சு. மெஷின்லயே கோளாறு இருந்திருந்தா இதுல தெரிஞ்சிருக்குமே."

மணிக்கொரு தரம் மீட்டர் வைத்துப் பார்த்து எழுத வேண்டிய புத்தகம் அது. முத்து முத்தான கையெழுத்து. அடித்தல் திருத்தல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரிபார்த்தேன்' என்று பச்சை மையில் மேனேஜரின் கையெழுத்து. கம்பெனி தனியார்தான். மை மட்டும் கெஜட்டட் ஆபீசருடையது.

"230 வோல்ட், 4 ஆம்பியர்" என்று விரல் வைத்துக் காட்டினார் தணிகைவேல். "வகுத்தா ரெசிஸ்டன்ஸ் அம்பத்தேழரை ஓம். பெருக்குனா பவர் 920 வாட். மெஷின் தகட்டுலயும் அதே 920தான். காயில் உள்ளாற ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருந்தா ரெசிஸ்டன்ஸ் கொறையும், ஆம்பியர் ஏறும். ஆறுன்னே வெச்சுக்குங்க. 1380 வாட். அப்ப கவர் கருகும், ஒத்துக்கறேன். ஆனா இந்த மாசத்துல எந்தப் பக்கத்துலயாவது ஆறு இருக்குதா பாருங்க."

ஆதிநாராயணன் புரட்டினார். நாலு. நாலு. நாலு.

"இல்லையே."

"எல்லாத்துலயும் நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்க சார்."

அது மேனேஜருக்குப் பிடித்திருந்தது. "இதுக்கு மேல நீ இன்னாம்மா சொல்ற?" என்றார்.

"எனக்குக் கணக்கெல்லாம் தெரியாது சார். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கட்டுமா?"

"கேளு" என்றார் தணிகைவேல். விளக்கம் சொல்வதென்றால் அவருக்கு வெல்லம்.

"வோல்ட்டு இல்லாங்காட்டி ஆம்பியரு வருமா சார்?"

"எப்படி வரும்? தொட்டியில தண்ணி இல்லாம கொழாயில கொட்டுமா? வோல்ட்டேஜ் சைபர்னா கரண்ட் சைபர், வாட்டும் சைபர். இதுகூடத் தெரியாமத்தான் ஒம்போது வருஷமா மெஷின்ல குந்திக்கினு இருந்தியா?"

"இப்ப தெரிஞ்சிக்கினேன் சார்" என்றாள் கிரேஸ். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள். "பதினாலாந்தேதி பக்கத்தக் கொஞ்சம் எடுங்க சார்."

ஆதிநாராயணன் எடுத்தார். வாய்விட்டே படித்தார். "ஒம்போது மணி, 230, 4. பத்து மணி, 230, 4. பதினொண்ணு... சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் அப்படியேதாம்மா இருக்குது. ஒரு கொறையும் இல்ல."

தணிகைவேலுக்குத்தான் முதலில் உறைத்தது. புத்தகத்தை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். மேனேஜர் கொடுக்கவில்லை.

"அன்னிக்கு மாசாந்திர பராமரிப்பு சார். காலையில ஒம்போதுலேர்ந்து அஞ்சு வரிக்கும் ஏரியா முச்சூடும் கரண்டு கெடயாது. கம்பெனிக்கே லீவு வுட்டுட்டு, பதிலுக்கு ஞாயித்துக்கெழம வரச் சொன்னீங்க. என்னால சர்ச்சுக்குப் போவ முடியல. அதான் தேதி மனசுலயே நின்னுபோச்சு."

தணிகைவேல் சுவரில் இருந்த சுவிட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆதிநாராயணனின் விரல் கட்டம் கட்டமாக இறங்கி, பக்கத்தின் அடியில் பச்சை மைக்கு வந்ததும் நின்றது. புத்தகத்தை மூடினார். கிரேஸ் முன்னால் கிடந்த தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நீ போய் வேலையப் பாரும்மா."

"பட்டியல்ல என் பேரு...?"

"இருக்கும். போ."

கிரேஸ் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். பிறகு தணிகைவேல் தொண்டையைச் செருமினார். "சார், அது வந்து..."

"வுடுங்க தணிகைவேல். வோல்ட்டேஜ் ஏறி எறங்குனதால ஹீட்டர் எரிஞ்சுபோச்சுன்னு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க" என்றார் ஆதிநாராயணன்.

பச்சைப் பேனாவின் மூடியை அதற்குள் கழற்றி வைத்திருந்தார்.