மாப்பிள்ளையின் சாக்ஸபோன்

ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கிதார்காரனுடைய தங்கையின் கணவன் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுக்கிறான். கடைசிச் சுரம் ஒலிபெருக்கியில் இன்னும் கரைந்துகொண்டிருக்கிறது. கதவிடுக்கில் நுழைந்த மாலை வெயில் தரையில் சுருண்டு கிடக்கும் கேபிள்கள் மேல் விழுகிறது. டிரம்ஸ்காரன் குச்சிகளை மடியில் போட்டுவிட்டு வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிறான். கிதார்காரனுக்கு மட்டும் வயிறு எரிகிறது. குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்டவர்கள் எல்லாரும் அவன் கிதாரைப் பற்றித்தான் பேசினார்கள். இந்த இரண்டாவது ஆல்பத்தில், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடப்போகும் இந்த நீண்ட பாட்டையும் அவன்தான் எழுதினான். நடுவில் வரும் தனி வாசிப்பைப் புதிதாகச் சேர்ந்த மாப்பிள்ளைக்கு விட்டுக்கொடுத்ததும் அவனேதான். தான் எழுதியதற்குள் இப்படியொரு அழுகை இருந்தது அவனுக்கே இப்போதுதான் தெரிகிறது.

“பிரமாதம். இதையே வச்சுக்கலாமா?” என்று ஒலிப்பதிவாளர் கேட்கிறார்.

கிதார்காரன் மைக் பொத்தானை அழுத்துகிறான். “மாப்ள, நடுவுல கொஞ்சம் சுருதி விலகுது. இன்னொரு தடவை போலாம்.”

விலகவில்லை என்பது ஒலிப்பதிவாளருக்கும் தெரியும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

“சாரி மச்சான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.” அந்தக் குரலில் துளி சந்தேகமில்லை. மாப்பிள்ளை உதட்டை நனைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மறுபடி ஊதுகிறான். கிதார்காரன் தன் மடியிலிருக்கும் கிதாரின் கம்பிகளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். இந்தத் தடவை முன்னதைவிட நன்றாக இருக்கிறது.