பலகையில் பெய்த மழை

மழையில் நனைந்தால் அக்காவுக்கு உடனே சளி பிடித்துக்கொள்ளுமே என்று சுதர்சினி நினைத்தாள். நினைத்த பிறகுதான், இந்துஜா அக்கா இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது என்ற ஞாபகம் வந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் அவள் பார்க்கும் வேலை வேடிக்கையானது. கார்ப் பந்தய வீடியோ கேமுக்குள் சாலையோரம் நிற்கும் விளம்பரப் பலகைகளைக் காரோட்டிப் போய்ப் பார்க்க வேண்டும். சரியாகத் தெரிகிறதா என்று படம் பிடித்து, விளம்பரம் கொடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டும். ஒரு பலகையில் மிளகாய்த்தூள் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிப்பவள் இந்துஜா. உயிரோடு இருந்தபோது எடுத்த படம்.

கேமில் மழை பெய்தால் பலகைகளின் மேல் நீர் வழியும். அவற்றில் இருக்கும் முகங்கள் நனைவதில்லை. இன்று அக்கா மட்டும் நனைந்திருந்தாள்; முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. சுதர்சினிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்னொரு சுற்று ஓட்டி வந்தாள். இப்போது அக்கா பாக்கெட்டைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள்.

மேலாளர் கிரிதரன் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "யாரு லா போஸ மாத்துனது? மொளகாத்தூளு கரைஞ்சிடப் போவுது!"

"யாரும் மாத்தல பாஸ்."

"சரி, இந்தப் படத்த டிலீட் பண்ணிடு. புது மாடல் படம் ரெடியா இருக்கு. இப்பவே போடு."

சுதர்சினி காரைப் பலகையை ஒட்டி நிறுத்தினாள். மவுசிலிருந்து கையை எடுத்தாள்.

"இந்த மழையில எங்க அக்காவ நான் எங்கயும் அனுப்ப மாட்டேன் பாஸ்," என்றாள் மெதுவாக.