வைக்கோல் கன்று

கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. ஒரு காலால் கதவை அழுத்திக்கொண்டு, கோப்பையின் மூடி மேல் உட்கார்ந்து, பால் எடுக்கும் பம்ப்பை அவள் மார்பில் பொருத்தினாள்.

அழுத்தினாள்.

ஒன்றும் வரவில்லை.

வெளியே மண்டபத்தில், மாட்டுப்பாலும் கறியும் கூடாது என்பவர்களின் கூட்டத்தில், அவள் கணவன் பேசிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கி ஒன்றைப் பந்திக்கூடத்துப் பக்கமும் கட்டியிருந்தார்கள். ஒரு சொல் விடாமல் இங்கே கேட்டது.

"பால் யாருக்குச் சொந்தம்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

கைதட்டல்.

குழந்தை வீட்டில் மாமியாரிடம் இருந்தது. ஐந்து மாதம். காலையில் எடுத்து வைத்ததைப் பத்து மணிக்கே குடித்து முடித்துவிட்டது. ஒரு மணிக்கு மறுபடி விழிக்கும். கூட்டம் சாயங்காலம் வரை. பேச்சு முடிந்ததும் பாட்டிலை ஒரு நண்பரிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதாக அவன் சொல்லியிருந்தான்.

பால்பவுடர் கூடாது. அதுவும் மாட்டுப்பால்தான்.

அவன் சொன்னதில் தவறில்லை. அவன் சொல்வதில் எப்போதும் தவறு இருப்பதில்லை. அதுதான் சிரமம். கறி தின்பதை அவள் விட்டதுகூட அவன் சொல்லி அல்ல. அவனைப் பார்ப்பதற்கு முன்பே, பொள்ளாச்சி சாலையில், கேரளாவுக்கு அடிமாடு ஏற்றிப் போகிற லாரியில் நின்ற ஒரு மாட்டின் கண் அவள் கண்ணில் பட்டது. அன்றோடு விட்டாள்.

இப்போது ரத்தம் ஏழு புள்ளி எட்டு. பன்னிரண்டு இருக்க வேண்டும்.

முட்டை சாப்பிடுங்க என்றார் டாக்டரம்மா. முருங்கைக்கீரை போதும் டாக்டர் என்றான் அவன். டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அவள் மேசையைப் பார்த்தாள்.

இரும்புச்சத்துக்குக் கேப்சூல் எழுதித் தந்தார். மருந்துக்கடையில் அவன் அட்டையைத் திருப்பிப் படித்தான். உறை ஜெலட்டின். மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். செடியில் செய்த உறை போட்டது பெங்களூரிலிருந்து வர வேண்டும். பதினோரு நாள் ஆகிறது, வரவில்லை.

நேற்று அவளே அந்தக் கடைக்குப் போனாள். அதே கேப்சூலில் ஓர் அட்டை வாங்கினாள். கைப்பையின் கிழிந்த உள்துணிக்குள் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.

ஃபோனை எடுத்து முழங்கால் மேல் சாய்த்தாள். குழந்தை அழும் வீடியோ. பதினாறு நொடி. பக்கத்தில் குழந்தை இல்லாதபோது இதைப் போட்டுப் பாருங்க, பால் இறங்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

குழந்தை அழுதது. முடிந்தது. மறுபடி அழவிட்டாள்.

மார்பு சுள்ளென்றது. முதல் சொட்டு விழுந்தது.

"எங்க ஊர்ல நான் கண்ணால பாத்ததுங்க." ஒலிபெருக்கியில் அவன் குரல் கரகரத்தது. "கன்னு செத்துப்போச்சுன்னா, அதோட தோலை உரிச்சு வைக்கோலைத் திணிப்பாங்க. தாய் முன்னாடி கொண்டுவந்து நிறுத்துவாங்க. அது நக்கும். நக்க நக்கப் பால் இறங்கும். பொம்மைன்னு அதுக்குத் தெரியாதுங்க."

நிறுத்தினான். மேடையில் அவன் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

முழங்கால் மேல் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

அவள் ஃபோனைக் கவிழ்த்தாள்.

பால் நின்றுவிட்டது.

சுவரில் ஓர் எறும்பு வரிசை ஜன்னலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு ஃபோனைத் திருப்பி வைத்தாள்.

கதவை யாரோ தள்ளினார்கள். அவள் காலை இறுக்கினாள்.

"ஆளிருக்குங்க."

"இருங்க கண்ணு, நிதானமா வாங்க." மண்டபம் கூட்டுகிற அம்மாவின் குரல். துடைப்பம் தரையில் உரசியது. "அந்தத் தம்பி பேசறதக் கேட்டீங்களா? மாட்டுக்கே இந்த அழுவாச்சி அழுவுதே, பொண்டாட்டிய எப்பிடி வெச்சிருக்கும்! குடுத்து வெச்சவ."

அவள் பம்ப்பை அழுத்தினாள். விட்டாள். அழுத்தினாள்.

"கறவை கொறஞ்சா அந்தத் தாய்க்கு என்ன கெதின்னு நெனைக்கறீங்க?" என்றான் அவன். "லாரிதான்."

பதினாறு நொடி. பதினாறு நொடி. பதினாறு நொடி.

பிறகு சொட்டும் விழவில்லை. பாட்டில் மூடியைத் திருகி எழுந்தபோது கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். இருட்டு விலகியதும் கைப்பைக்குள் கையை விட்டாள். அட்டை உள்துணியில் சிக்கி, வர மறுத்தது. கிழித்து எடுத்தாள்.

குழாயில் வந்தது உப்புத் தண்ணீர். ஒரு கேப்சூலைப் பிதுக்கி, அப்படியே நாக்கில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

பேச்சை முடித்துவிட்டு நடையில் அவன் நின்றிருந்தான். மேடையில் போர்த்திய கதர்த்துண்டு இன்னும் தோளில் கிடந்தது. கன்றுக்காக அழுத கண்கள் சிவந்திருந்தன. பின்னால் நண்பர், ஹெல்மெட்டோடு.

பாட்டிலை வாங்கினான். டியூப்லைட் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தான். பால் இரண்டாவது கோட்டைத் தொடவில்லை.

"இவ்ளோதானா?"

மென்மையாகத்தான் கேட்டான்.

அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. உறை இளகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த மாட்டினுடையதோ. அதனிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள்.

அவன் பாட்டிலை இன்னும் இறக்கவில்லை.

உறை பிளந்துவிட்டது. வாயெல்லாம் இரும்பு கசந்தது.

அவள் துப்பவில்லை.