நட்சத்திரம் தெரியாதவர்கள்

மார்கழிப் பனி கோபுரத்தை மூடி, விடியலை வெகுநேரம் தடுத்து நிறுத்தியிருந்தது. இஸ்ரேலில் முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் மகன் ஆரூரனிடமிருந்து, அங்கே குண்டு விழுந்த நாள்முதல் அழைப்பில்லை. மங்கையர்க்கரசி சிவன் சந்நிதியில் நின்றாள். பின்னால் அவள் கணவரும் தம்பியும் அந்தப் போரைப் பற்றிய வாதத்தை விடவில்லை.

“முதல்ல கை வச்சது யாரு மாப்ளே?”

“அதுக்காகக் காஸாவுல பச்சப்புள்ளைங்களைக் கொல்றதா அத்தான்?”

“அர்ச்சனை யார் பேருக்கும்மா?” என்றார் குருக்கள்.

“ஆரூரன், திருவாதிரை. அவன் பார்த்துக்கிற பெரியவருக்கும். காஸாவுல இருக்கிற பிள்ளைங்களுக்கும்.”

“அவங்க நட்சத்திரம்?”

“தெரியாது சாமி.”

பின்னால் வாதம் தொடர்ந்தது. நட்சத்திரம் அறியாதோர்க்குச் செய்யும் வழக்கப்படி, இறைவன் பெயருக்கே அர்ச்சித்து வில்வம் சாத்தினார் குருக்கள். பிறகு அவளுடைய மரத்த கையில் திருநீற்றை இட்டு, “எல்லாரும் வீடு வந்து சேரட்டும்” என்றார்.