நான்காவது விசில்

முதல் விசில் வந்தபோது அவள் சவாசனத்தில் இருந்தாள்.

மல்லாந்து, கைகளை விரித்து, உடம்பை அதன் போக்கில் விட்டுக் கிடந்தாள். இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆட்களை விரட்டிய உடம்பு.

போர்ச்சுகலில் ஒரு மலைச்சரிவு. மரப்பலகையால் ஆன யோகக் கூடம். வெளியே மழை. உள்ளே, ஆசிரியையோடு சேர்த்துப் பத்துப் பேர்.

மதியம்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

அந்த அமைதியில்தான் அது கூவியது. கொஞ்சமும் கூச்சமில்லாமல், நீளமாக, சென்னை மந்தைவெளி வீட்டுச் சமையலறையில் கூவுவதைப் போலவே.

பத்துப் பேருக்கும் மூச்சு நின்றது. அப்படி மூச்சை நிறுத்த எத்தனையோ நாள் சொல்லிக் கொடுத்தும் யாருக்கும் வந்ததில்லை.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

குற்றம் மழையுடையது. தினமும் ஏழு மணிக்கு வகுப்பு முடிந்ததும் எல்லோரும் ஓடைவரை நடந்துவிட்டு வருவார்கள். அவள் மட்டும் தனியாகத் தியானம் செய்யப்போவதாகச் சைகை காட்டி அறைக்குப் போவாள். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அங்கே சின்ன மின்சார அடுப்பில் குக்கரை மெல்லிய சூட்டில் வைத்துவிட்டுத்தான் வகுப்புக்கே வருவாள். கூடம் காலியான பிறகுதான் விசில் வரும்.

ஆபத்தைக் கணக்கிடுவதுதான் அவள் பார்த்த வேலை. நாற்பது நாளாகக் கணக்கு பிசகவில்லை.

இன்று மழை. ஓடை கிடையாது. எல்லோரும் அப்படியே படுத்திருக்கலாம் என்று ஆசிரியை கையசைத்துவிட்டாள். அசையாமல் கிடப்பவள் எப்படி எழுந்து போவது?

வேலையை விட்ட அன்று ஆயிரத்து நூறு பேருக்குக் கடிதம் அனுப்பியிருந்தாள். 'இனி எனக்கு ஒரு பாயும் ஒரு கிண்ணமும் போதும்.'

குக்கரைக் குறிப்பிடவில்லை.

ஏழு கிலோவுக்கு மேல் எதுவும் கொண்டுவரக் கூடாது என்பது இங்கே விதி. குக்கருக்காக மூன்று புடவைகளையும் ஒரு தடித்த தத்துவப் புத்தகத்தையும் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். துறவு என்று பார்த்தால், அது துறவுதான்.

வழியனுப்ப வந்த அக்கா வாசுகி விமான நிலையத்தில் வைத்தே கேட்டாள்.

“ஏண்டி, அந்தம்மா நம்ம மந்தைவெளியில ஆறு வருஷம் மாடி போர்ஷன்ல குடியிருந்து கத்துக்கிட்டுப் போச்சு. நீ அங்க போய் அதையே திருப்பி வாங்கிட்டு வரப் போறியாக்கும்?”

அந்தம்மா என்பது மார்கிரீட். ஆசிரியை. ஹாலந்துக்காரி. எலும்பும் பார்வையுமாக இருப்பாள். முளைகட்டிய பயறும் வெந்நீரும்தான் ஆகாரம். மந்தைவெளியைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அவள் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது விசில்.

இப்போது பெருங்காய வாசனையும் வந்தது. பலகைக்குப் பலகை இடைவெளி விட்டுக் கட்டிய சுவர்.

அறையில் குக்கர் இருக்கும் தைரியத்தில், சாப்பாட்டு மேஜையில் அவள் தன் கிண்ணத்துப் பயறில் பாதியைத் திருப்பி வைத்துவிடுவாள். காரணம் கேட்டவர்களிடம் ஒரு முறை, தாழ்ந்த குரலில், “காற்றே போதும்” என்று சொல்லியிருந்தாள். உடன் பயிலும் பல் டாக்டர் யுர்கன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து எல்லோரும் அவளுக்கு வழிவிட்டு நடந்தார்கள்.

காற்றிலேயே வாழ்பவள் என்ற பெயரை வைத்துத்தான் நேற்று மார்கிரீட் சொன்னாள், திங்கட்கிழமையிலிருந்து அவளும் வகுப்பெடுக்கலாம், இங்கேயே தங்கிவிடலாம் என்று.

அதுதான் உறுத்தியது.

ஏனென்றால் மற்றதெல்லாம் நிஜம். முழங்கால் வலி போனது நிஜம். மீட்டிங்குக்குத் தாமதமாக ஓடுவதுபோல் வரும் கனவு நின்றது நிஜம். காலையில் எழுந்ததும் காரணமே இல்லாமல் ஒரு சந்தோஷம் வருகிறதே, அதுவும் நிஜம். காற்று மட்டும்தான் பொய்.

மூன்றாவது விசில்.

அதற்குப் பதில் சொல்வதுபோல் யுர்கனின் வயிறு உறுமியது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிவயிற்றில் கிளம்பி, நெஞ்சைக் குலுக்கி, காதோரம் கண்ணீராக வழிந்தது. அடக்க அடக்க வந்தது. கட்டை விரலிலிருந்து உச்சந்தலைவரை ஒவ்வொரு உறுப்பாகத் தளர்த்தச் சொல்வார்கள். நாற்பது நாளில் அன்றுதான் எல்லாம் ஒரேயடியாகத் தளர்ந்தது.

போகட்டும். சொல்லிவிடுவோம்.

எழுந்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்கிரீட்டைப் பார்த்தாள்.

மார்கிரீட் கண்மூடி அசையாமல் கிடந்தாள். முகத்தில் பேரமைதி. விரித்துவைத்த வலது கையில் மட்டும் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன.

கண்ணைத் திறக்காமலே மார்கிரீட் பேசினாள். மாடி போர்ஷன் தமிழ்.

“படும்மா. அவசரப்படாத. தொவரம் பருப்புக்கு மூணு பத்தாது.”

மடங்கிய விரல்களை நீட்டாமலே மார்கிரீட் குரலைத் தாழ்த்தினாள்.

“என் கட்டிலுக்குக் கீழ அஞ்சு லிட்டர் இருக்கு. திங்கக்கிழமைலேர்ந்து அதுல வைப்போம்.”

அவள் படுத்தாள். கைகளை விரித்தாள்.

அந்தக் கூடத்தில் அதற்கு முன் யாருக்கும் வாய்க்காத மன ஒருமையோடு, பத்துப் பேரும் காத்திருந்தார்கள்.