பதினொரு நோட்டு, ஒரே கதை

"கோடரியால் அவன் மண்டையைப் பிளந்தேன். இரத்தம் சுவர்வரை தெறித்தது. பிறகு வால்நட் மரத்தடியில் புதைத்தேன்."

ஆங்கில நோட்டிலிருந்ததை இன்ஸ்பெக்டர் வுகோதா செர்பிய மொழியில் வாசித்ததும், பெரியவர்களுக்கான அந்த மாலைநேர ஆங்கில வகுப்பில் இருந்தவர்கள் வெலவெலத்துப் போனார்கள்.

ஆசிரியை ஸாகோர்கா மட்டும் சிரித்தாள். "கோடரியைப் புதைச்சேன்னா, சண்டையை மறந்துட்டேன்னு அர்த்தம் சார். இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்வாங்க."

"இதுல புதைச்சது கோடரியை இல்லம்மா, ஆளை! கசாப்புக் கடை ரதிசாவை ஒன்பது நாளா காணோம். பேக்கரி மிலூன் இந்த நோட்டைப் பெருமையா போட்டோ எடுத்து டப்ளின்ல இருக்கற மகனுக்கு அனுப்பியிருக்கான். அந்தப் பையன் பதறிப்போய் எனக்குப் போன் பண்ணான்."

பதினொரு நோட்டுகளையும் மேசைமேல் வீசினார். எல்லாவற்றிலும் அதே கதை, ஓர் எழுத்துப் பிசகாமல்.

"காப்பியடிக்கறது நம்ம ஊர்ல புதுசா சார்? அர்த்தம் தெரிஞ்சா எழுதறாங்க?" என்றாள்.

"யாரைப் பார்த்துடா காப்பியடிச்சீங்க?"

உயிரே போனாலும் காப்பி கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்காத ஊர் அது. இன்ஸ்பெக்டர் மிலூனின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மறுபடியும் மோதினார்.

"விட்டுடுங்க சார்! பலகையில இருந்ததைத்தான் எல்லாரும் எழுதினோம். இறந்தகாலத்துக்கு உதாரணம்னு டீச்சர் போட்டாங்க!"

இன்ஸ்பெக்டரின் பிடி தளர்ந்தது.

"உங்க புருஷன் ரதிசாவை என்னம்மா பண்ணீங்க?"

ஸாகோர்கா சட்டைக் கையை மடித்துவிட்டாள். தோள்வரை சூட்டுத் தழும்புகள்.

"யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்தது சார். இவங்களுக்குப் புரியாதுங்கற தைரியத்துலதான் சொன்னேன்."